சாவு சொல்ல வராதவர்கள்

எங்கள் சமூகப்பணித் துறைக்கு நார்வேயிலிருந்து ஒரு மாணவி வருகிறாள் என்று தெரிந்ததும் வகுப்பே ஒரு வாரம் படிய வாரிக்கொண்டு வந்தது. நான் தஞ்சாவூரில் எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவளும் அங்கே அதே படிப்புதான். களப்பணியில் ஒரு பகுதியை வேறு நாட்டில் போய்ச் செய்யலாம் என்று அவர்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு இருந்ததாம். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க, காவிரி கடலுக்குப் போகிற இந்த மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவளோடு கூடப் போகவும், அவள் பேசுவதைத் தமிழிலும் ஊர்க்காரர்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. என்னைப் போட்டார்கள். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள் வகுப்பில் இருந்தார்கள். நான் திருப்பனந்தாள் பக்கம் மடத்து நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். ஆனால் எவ்வளவு தூரம் பஸ்ஸில் போனாலும் வாந்தி எடுக்காதவள் நான் ஒருத்திதான். அந்தத் தகுதியில் தேர்வானேன். அடுத்த வருடம் இங்கிருந்தும் ஒருத்தியை அங்கே அனுப்புவோம் என்று துறைத்தலைவர் வேறு சொல்லிவைத்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயம் எனக்குப் பிறவிக் குணம். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே யாருக்கு என்னமோ என்று கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். தந்தி என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் யாரும் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். செத்தவரை முதலில் 'சீரியஸ்' ஆக்குவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் வீட்டுத் தெருமுனைக்கு வந்து, பந்தலைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: 'ஒண்ணுமில்ல, பயப்படாத.' இதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தையைவிடப் பயங்கரமான வார்த்தை தமிழில் கிடையாது.

அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் நல்ல பெண். நெட்டையாக இருப்பாள், குனியாமல் நுழைந்து போகிற வீட்டு நிலைப்படியிலெல்லாம் இடித்துக்கொள்வாள், இடித்த பிறகு நிலைப்படியிடமே மன்னிப்புக் கேட்பாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் முகம் மாறிவிடும். ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வந்தது சரியான வீடுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இது பேசத் தோதான நேரமா என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்து, மெதுவாக, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அவர்களிடமிருந்து எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. எங்கள் பாடப் புத்தகத்திலும் ஏறக்குறைய இதேதான் இருந்தது. நாங்கள் அதைப் பரீட்சையில் எழுதியதோடு சரி, யாரும் செய்து பார்த்ததில்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஆண்களின் குடும்பங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் விருப்பம். எங்களைச் சேர்த்துக்கொண்ட தொண்டு நிறுவனம் முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஓர் ஊரைக் காட்டியது. அந்த வருடங்களில் அங்கே வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் பக்கத்துக் குடியானத் தெருப் பையன்களும் நடவு முடிந்த கையோடு பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் போன அன்று பஸ்ஸுக்குப் பதில் நிறுவனத்தின் வெள்ளை அம்பாசடர் கிடைத்தது. ஒரு நாளாவது மகாராணி மாதிரி போவோம் என்று ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வீட்டு வாசலிலேயே கார் நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். கழுத்தில் தாலிபோலக் கருகமணி, கையில் மாவு. பின்னால் ஒரு சின்னப் பெண்குழந்தை. நார்வேத் தோழி முதலில் அந்தப் பெண்ணின் கணவர் பெயரைச் சொல்லி, இந்தக் கம்பெனியில் சவூதியில் வேலை பார்க்கிறவர் வீடு இதுதானே என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். ஆமாம் என்றாள் அந்தப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அந்தப் பெண் கையிலிருந்த மாவைப் புடவையில் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லவா என்றதற்கு, எதுவும் வேண்டாம் என்று தோழி கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். பிறகு, தாழ்ந்த குரலில், "உட்காரச் சொல். கொஞ்சம் தனியாகப் பேசலாமா என்று கேள்" என்றாள்.

"உக்காருங்க. கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றேன்.

அந்தப் பெண் உட்காரவில்லை. கருகமணியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "அவங்களுக்கு என்ன?" என்றாள்.

என் வாயில் என்ன வரும்? எதைக் கேட்டு வளர்ந்தேனோ அதுதான் வந்தது. "ஒண்ணுமில்லீங்க. பயப்படாதீங்க."

அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். தோழியும் பார்த்தாள். ஆனால் ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ சிரமத்தில் இருக்கிறாள் என்று பாவம், இரக்கப்பட்டு அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? அவளுக்குக் கண்ணும் கலங்கிவிட்டது. வெள்ளைக் காரில் வந்த வெள்ளைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் வேறென்ன அர்த்தம்? அந்தப் பெண் போட்ட அலறல் தெரு முழுக்கக் கேட்டது. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு அலறல் வந்தது. அது மாமியார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கையில் இல்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் பின்கட்டு வழியாக வந்து நிறைந்தார்கள். யாரோ அடுப்பை அணைத்தார்கள். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "அவருக்கு எதுவும் ஆகலைங்க, நாங்க படிக்கிற பொண்ணுங்க, சும்மா பேசிட்டுப் போக வந்தோம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு உறுதிப்பட்டது. ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "சொல்ல வந்த புள்ள, நீ என்னம்மா பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். வாசலில் வயதான ஒருவர் தோழியிடம் போய், மய்யித்து இங்கே வருமா, அங்கேயே அடக்கமா என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று அவள் என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அந்தப் பெண்ணின் அண்ணன் ஓடி வந்தார். அவர் ஒருவர்தான் எங்களிடம் நிதானமாகக் கேட்டார். "ஒண்ணுமில்லன்னா எதுக்குங்க கார எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"பஸ்ஸுல வந்திருக்கணும்ங்க" என்றேன். அந்த நேரத்தில் அதைவிட உண்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

எங்களை நம்புவதாக அவர் சொல்லவில்லை. "அவரு குரலக் கேட்டாத்தான் இங்க அடுப்பெரியும். வாங்க" என்று தங்கையையும் எங்களையும் கூட்டிக்கொண்டு கடைத்தெரு ஐ.எஸ்.டி. பூத்துக்கு நடந்தார். அவர் மைத்துனர் இருந்த இடம் பாலைவனத்துக்குள் ரோடு போடுகிற முகாம். நம் ஊர்க்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை. முகாமுக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி மளிகைக்கடை வைத்திருந்தார். அவசரத்துக்கு அந்தக் கடை நம்பர்தான். மலையாளி எடுத்தார். ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போயிருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள் என்றார். உயிரோடு இருக்கிறாரா என்று அண்ணன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? காலையில் ஆளைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். கடையில் கூட்டம், கவனிக்கவில்லை என்றார் மலையாளி.

அங்கே மத்தியானம் ஆக, இங்கே சாயங்காலத்தை நெருங்கிவிடும். பூத்துக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் துப்பட்டிக்குள் உதடசைத்து ஓதிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு விபரீதமான பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் அழுத பிறகு, உண்மையிலேயே அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நாங்கள் கதவைத் தட்டிய நேரத்திலேயே அங்கே ஏதாவது ஒரு வண்டி கவிழ்ந்திருந்தால்? அப்புறம் இந்த ஊரில் எந்தக் கடவுள் வந்து சொன்னாலும் நாங்கள் சும்மா வந்தோம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நானே நம்ப மாட்டேன். எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மொட்டை வரைக்கும் போய்விட்டேன்.

"நாம் மறுத்தோமே. ஏன் நம்பவில்லை?" என்று தோழி கேட்டாள். எங்கள் பக்கத்தில் சாவு சொல்லும் முறையை என் இங்கிலீஷில் விளக்கினேன். தங்கள் ஊரில் அப்படி மறைத்தால் அதுதான் பெரிய தப்பு என்றாள் அவள்.

மறுபடி போன் போட்டபோது மலையாளி, "இதோ நிக்குது ஆளு" என்றார். அண்ணன் "மாப்ள!" என்று கத்தியதில் பூத்துக் கண்ணாடியே அதிர்ந்தது. ரிசீவரைத் தங்கை கையில் திணித்தார். "மச்சான்" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. நான் பூத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஆள் உயிரோடு இருக்கிறார். போதும். தோழி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நீடிக்கவில்லை. அங்கே நின்றவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பெருநாளைக்கு மட்டும் போனில் பேசுகிற குடும்பம். ஒன்றுமில்லாத கிழமையில், நட்ட நடு வேலைநாளில் போன் வருகிறது. எடுத்தால் மச்சினர் கத்துகிறார், பெண்டாட்டி அழுகிறாள். அண்ணன் ரிசீவரை வாங்கி, "ஒண்ணுமில்ல மாப்ள, எல்லாரும் நல்லா இருக்கோம், சும்மாதான் போட்டோம்" என்றார். அடுத்த கணம் அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அவரும் நான் வளர்ந்த அதே மண்ணில் வளர்ந்தவர்தானே. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார்.

ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. உங்களாலதான் எல்லாம்."

நடந்ததைச் சொன்னேன். நாங்கள் மாணவிகள், வீட்டுக்குப் போனோம், தப்பாக நினைத்துவிட்டார்கள் என்று. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க அம்மாவுக்கு என்னங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்க."

"அப்ப கூட்டிட்டு வந்து பேசச் சொல்லுங்க. நான் இந்தக் கடையவிட்டு நகர மாட்டேன். அம்மா குரலக் கேக்கலன்னா இன்னைக்கே கபீல் கால்ல விழுந்து பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வந்துருவேன். வேலை போனாப் போவுது." கபீல் என்றால் அங்கே அவருக்கு விசா கொடுத்த முதலாளி.

இதில் என்ன கஷ்டம்? வீடு பக்கத்தில்தான், கார் இருக்கிறது. நான் வெளியே வந்து சொன்னதும், அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கிளம்பவில்லை. ஏன் நிற்கிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தப் பெண்தான் மெல்லச் சொன்னாள்.

"மாமி இத்தா இருக்காங்க."

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதத்துச் சொச்சம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதுதான் இத்தா. மாமனார் இறந்து இன்னும் அது முடியவில்லை. தெருவுக்கே தெரியும். மகனுக்கு மட்டும் தெரியாது.

"மச்சானுக்கு அவங்க அத்தா போனதச் சொல்லலீங்க. சொன்னா வரணும்பாங்க, கபீல் விட மாட்டான். அங்க தனியாக் கெடந்து அழுவாங்க. நம்மூரு ஆளு ஒருத்தரு இல்ல, தோளப் புடிக்க. ஒப்பந்தம் முடிஞ்சு வரட்டும், வந்து இறங்குன பெறகு சொல்லிக்கலாம்னு இருக்கோம்."

தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அவர் அப்பாவின் சாவு அவருக்குத் தெரிந்தாக வேண்டும், அது அவர் உரிமை, இப்போதே சொல்லிவிடலாம், நீ எடுத்துச் சொல் என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். காலையிலிருந்து எடுத்துச் சொல்லி எடுத்துச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்தது. ஆனால் அவள் சொன்னது தப்பு என்றும் என்னால் உள்ளுக்குள் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதுதான் என்னை இன்னும் பதறவைத்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். மாமியார் திரைக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். மகன் உயிரோடு இருக்கிறான், பேசினான் என்று மருமகள் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை அடங்குவதற்குள் அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்கிறான்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று அண்ணன் இழுத்தார்.

"அவன் கடைவாசல்ல நிக்கிறான்னு சொல்றீங்க" என்றார்கள் அந்த அம்மா. துப்பட்டியை எடுத்து முகம் தெரியாமல் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

காலையில் அவ்வளவு வினையைச் செய்த அதே காரின் ஜன்னல்களில் துணி கட்டினோம். பின்சீட்டில் அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் மருமகள், மறுபக்கம் நான். தோழி டிரைவர் பக்கத்தில். வழியெல்லாம் அந்த அம்மா துப்பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்கள்.

"மாமி, சொல்லிடலாமா?" என்றாள் மருமகள்.

"அவம் பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருமில்ல மாமி. மலையாளிதான்."

மகன் என்ன கேட்பான், என்ன சொல்வது என்று அந்த அம்மா ஒத்திகை பார்த்துக்கொள்ளவில்லை. நான்தான் மனதுக்குள் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். எந்தக் கேள்வியும் அவன் அப்பாவிடம் போய்த்தான் நின்றது.

கடைத்தெருப் பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். பூத்துக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தானும் போய்த் தெருவில் நின்றுகொண்டார். அண்ணன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். கதவைச் சாத்த இடமில்லாமல் நாங்கள் எல்லோரும் அதை ஒட்டி நின்றோம். தோழி என் பக்கம் குனிந்தாள். இத்தனை வாரமாகச் செய்ததுபோல அவள் காதில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லத் தொடங்கினேன்.

"நான்தாம்ப்பா" என்றார்கள் அந்த அம்மா.

காலையில் திரைக்குப் பின்னால் அலறிய குரலா இது? பக்கத்து வீட்டில் மிளகாய்ப்பொடி கேட்கிற குரல் மாதிரி இருந்தது.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இந்தப் புள்ளைங்க ரெண்டும் வந்து இவளப் பயமுறுத்திடுச்சுங்க. இவளும் ஒரு பயந்தாங்கொள்ளி, ஊரக் கூட்டிட்டா. ... ஆமாப்பா. ... சாப்பிட்டியா? ... போய்ச் சாப்பிடு மொதல்ல."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொல்லச் சொல்லத் தோழி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முடியப்போகிறது, அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அந்த அம்மா ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினார்கள். துப்பட்டிக்குள் முகம் தெரியவில்லை. ரிசீவரைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"அத்தாவா? அத்தா தொழுவ போயிருக்காங்கப்பா. இப்பதான் பாங்கு சொன்னாங்க."

என்ன சொன்னார்கள் என்று தோழி என் கையைத் தொட்டாள். சொன்னேன். அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சற்று முன்னால் என்னோடு சண்டை போட்டவள், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு திரும்பாமல் நின்றாள்.

அங்கிருந்து அவன் ஏதோ சொன்னான். அவன் அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

"சரிப்பா. வந்ததும் உன் சலாத்த சொல்றேன்."